சப்டைட்டில் போடாத ஊரிலிருந்து

“சமீபத்தில் பார்த்த படங்களில் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை? தமிழ், மலையாளம், தெலுங்கு எதுவானாலும் கலந்துகட்டிச் சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறீர்கள். ‘சமீபத்தில்’ என்பதைக் கொஞ்சம் தாராளமாக எடுத்துக்கொள்கிறேன். கடையைச் சாத்திவிட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் ஓடிடியில் பார்க்கிற ஆள் நான். ஊரெல்லாம் பேசி ஓய்ந்த பிறகுதான் பல படங்கள் என்னிடம் வந்து சேரும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படத்தைப் பாதி காதால் பார்க்கிறவன். எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம், கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம், சந்தையில் இரண்டும் சேர்ந்த ஒன்று. 1989 முதல் பதினைந்து வருடம் எல்லையோரத் தியேட்டர் ஒன்றில் ஆப்பரேட்டராக இருந்தேன். இப்போது அது கல்யாண மண்டபம்.

ஆப்பரேட்டர் ஓசியில் தினமும் நாலு ஷோ பார்க்கிறான் என்று எல்லாரும் நினைப்பார்கள். உண்மையில் அவன் திரையைப் பார்ப்பதே குறைவு. 2000 அடி ரீல் ஒன்று ஓட 22 நிமிடம். அதற்குள் ஓடி முடிந்த ரீலைத் திருப்பிச் சுற்றவேண்டும், அடுத்த மெஷினில் அடுத்த ரீலை மாட்டவேண்டும். நடுவில் கார்பன் குச்சி இரண்டும் எரிந்து எரிந்து இடைவெளி கூடும். கைப்பிடியைத் திருகி அதைச் சரியாக வைக்காவிட்டால் வெளிச்சம் மங்கும், கீழே இருந்து விசில் பறக்கும். ரீல் மாற்றச் சொல்லித் திரையின் மூலையில் புள்ளி விழும்போது மட்டும் துவாரம் வழியாகக் கண் போகும். மற்ற நேரமெல்லாம் பூத்தில் தொங்கும் சின்ன ஸ்பீக்கரில் வசனம் கேட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அப்படிப் பழகிய காது. ஒரு படத்தில் ஆட்கள் பேசுவது பொய்யாக இருந்தால் மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் எனக்கு ஒட்டாது.

சரி, படங்களுக்கு வருவோம்.

மஞ்ஞும்மல் பாய்ஸ் (2024). இதைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை, ஆனாலும் நான் பேச ஒரு காரணம் இருக்கிறது. 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யும் ‘குணா’வும் ஒரே நாளில் வந்தன. எங்கள் தியேட்டருக்குப் புதுப்படப் பெட்டி வர மாதக்கணக்காகும். தளபதி வந்தபோது எங்கள் ஊரில் திருவிழாதான். ரஜினிக்கு ஒரு கூட்டம், மம்முட்டிக்கு ஒரு கூட்டம். இரண்டு கட்அவுட்டும் ஒரே உயரம்தானா என்று கயிறு பிடித்து அளந்தார்கள். குணா அடுத்த வருடம் வந்தது, நாலே நாள் ஓடியது. ‘கண்மணி அன்போடு’ பாட்டு வந்தபோது துவாரம் வழியாகப் பார்த்தேன். பெஞ்சு டிக்கெட்டில் பாதிப் பேர் பீடி பிடிக்க எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். கமல் அந்தப் பெண்ணுக்குக் கடிதம் சொல்லச் சொல்ல, “பாட்டு எப்பய்யா ஆரம்பிக்கும்?” என்று ஒருவர் சத்தமாகக் கேட்டார்.

முப்பத்திரண்டு வருடம் கழித்து, பொள்ளாச்சியில் ஒரு தியேட்டரில் அதே பாட்டு. கொச்சிப் பக்கத்துப் பையன்கள் கொடைக்கானல் போகிறார்கள், ஒருவன் குணா குகையின் பிளவில் விழுகிறான், நண்பன் (சௌபின் ஷாஹிர்) கயிறு கட்டிக்கொண்டு இறங்கித் தூக்கி வருகிறான். 2006இல் நிஜமாக நடந்தது. மேலே வரும்போது அந்தப் பாட்டு. ஒரு ஆள் எழுந்து போகவில்லை. எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். காதலுக்குப் போட்ட பாட்டை நட்புக்கு மாற்றி வைத்த இயக்குநர் சிதம்பரத்தின் அந்த ஒரு யோசனைக்கே டிக்கெட் காசு செரித்துவிட்டது. குகையில் பெரும்பகுதி பெரும்பாவூர்ப் பக்கம் ஒரு கிடங்கில் போட்ட செட்டாம். அஜயன் சாலிசேரியின் வேலை. ஈரப் பாறையின் வாடை அடிக்கிறது.

என் காதுக்குப் பிடித்தது வேறு. தமிழ்நாட்டில் இந்தப் படத்தை டப் செய்யாமலே ஓட்டினார்கள், ஓடியது. பையன்கள் பேசும் அரைகுறைத் தமிழ், போலீஸ் பேசும் எரிச்சல் தமிழ், கடைக்காரர் பேசும் இரக்கத் தமிழ் எல்லாம் அதது அதனதன் இடத்தில். தமிழ் நடிகர் ஜார்ஜ் மரியானும் வருவார். மலையாளப் படத்துக்காகத் தன் தமிழை அவர் ஒரு இழை மாற்றவில்லை. குறை என்றால், பையன்களின் சிறுவயதுக் காட்சிகளும் கயிறு இழுக்கும் போட்டியும். அந்தப் போட்டிக் கயிற்றையும் குகைக் கயிற்றையும் நாமே முடிச்சுப் போட்டுக்கொள்வோம். அவர்கள் கையைப் பிடித்து முடிச்சுப் போடவைக்கிறார்கள்.

அதே சௌபின் ஷாஹிர்தான் ‘கூலி’யில் (2025) தயாள். ரஜினி படம் வந்தால் எங்கள் பக்கம் விடியாமலே விடிந்துவிடும். தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான்; கேரளத்தில் 6 மணிக்கே போட்டுவிடுகிறார்கள். ‘லியோ’வுக்கு (2023) 4 மணிக்கே போட்டார்கள். அதனால் கோவைப் பையன்கள் வாளையார் வழியாகவும் வேலந்தாவளம் வழியாகவும் இந்தப் பக்கம் வந்து பார்த்துவிட்டு, ஒன்பது மணி ஷோவுக்குப் போகும் கூட்டாளிகளுக்குக் கதை சொல்லப் பறப்பார்கள். எல்லையில் டீக்கடை வைத்திருப்பவருக்கு வருடத்தில் இரண்டு மூன்று தீபாவளி.

படம்? சௌபின் பிரமாதம். அந்த வழுக்கைத் தலையும் கண்ணும் ஆட்டமும். மற்றபடி, ஒவ்வொரு மொழிக்கும் ஒரு ஸ்டார் என்று பந்தி போட்டு உட்கார வைத்தால் யாருக்கும் சோறு நிறையாது. நாகார்ஜுனா, உபேந்திரா, ஆமிர்கான் எல்லாரும் வந்து கைகாட்டிவிட்டுப் போகிறார்கள். சத்யராஜ் கண்டுபிடிக்கும் அந்தத் தகன நாற்காலியை வைத்தே ஒரு முழுப்படம் எடுத்திருக்கலாம். பெரிய வருத்தம் காதில்தான்: கதை பாதிக்குமேல் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் நடக்கிறது, ஆனால் தெலுங்குக் கூச்சலை நான் காதைத் தீட்டிக்கொண்டு தேடவேண்டியிருந்தது. துறைமுகம் என்றால் அங்கே மூட்டை தூக்குகிறவன் வாயில் என்ன வரும் என்று ஒரு நாள் போய் நின்று கேட்டிருக்கலாமே.

அதற்கு நேர் எதிர் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ (2025). இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் தவித்துப் படகேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, சென்னையில் ஒரு தெருவில் ஒளிந்து குடியிருக்கும் குடும்பம். சசிகுமாரும் சிம்ரனும் அப்பா அம்மா. இவர்கள் மறைக்கவேண்டியது நகையையோ ஆயுதத்தையோ இல்லை, தங்கள் தமிழை. வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வார்கள். தமிழ் பேசும் ஊரில் தமிழ் பேச பயப்படுகிற தமிழர்கள்! இந்த ஒற்றை முடிச்சை அபிஷன் ஜீவிந்த் முதல் படத்திலேயே பிடித்திருக்கிறார்.

எங்களுக்கு இதெல்லாம் சிரிப்பாகவும் இருக்கும், சுருக்கென்றும் இருக்கும். கோவையில் துணிக்கடைக்குப் போனால், “எந்த ஊருங்க, கேரளாவா? தமிழ் நல்லா பேசறீங்களே!” என்பார்கள். பாலக்காட்டில் ஒரு ஆபீஸில் மனுக் கொடுத்தால், “தமிழனாணோ? மலையாளம் நன்னாயிட்டு பறயுன்னுண்டல்லோ” என்பார்கள். இரண்டு பக்கமும் பாராட்டுத்தான். இரண்டு பக்கமும் விருந்தாளி.

சினிமாவும் ரொம்ப நாள் அதைத்தான் செய்தது. நான் ரீல் ஓட்டிய காலத்து மலையாளப் படங்களில் தமிழன் என்றால் அரிவாள் தூக்கும் ஆள், இல்லாவிட்டால் குழி வெட்டுகிற ஆள். பெயர் கேட்கவே வேண்டாம், ‘அண்ணாச்சி’. தமிழ்ப் படங்கள் மட்டும் யோக்கியமா? மலையாளி என்றால் டீக்கடை நாயர், முண்டும் பிளவுஸுமாக ஒரு பெண், “எந்தா” என்று ஒரு வார்த்தை, தீர்ந்தது வேலை. எங்கள் தியேட்டரில் முதல் வகைப் படத்துக்குத் தமிழ்ப் பையன்கள் ஊளையிடுவார்கள், இரண்டாவது வகைக்கு மலையாளப் பையன்கள். முதலாளி இரண்டுக்கும் முறுக்கு விற்றார்.

டூரிஸ்ட் ஃபேமிலியில் எனக்கு ஒரு மனக்குறை: தெருவில் இருக்கிற அத்தனை பேரும் கடைசிக்குள் நல்லவர்களாகிவிடுகிறார்கள். ஒரு தெருவில் ஒருவராவது கடைசிவரை முறைத்துக்கொண்டு இருக்கவேண்டாமா? எங்கள் தெருவில் மூன்று பேர் இருக்கிறார்கள்.

‘மெய்யழகன்’ (2024). இதில் நான் கொஞ்ச நேரம் நிற்கப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சொந்த வீட்டை இழந்து தஞ்சாவூர் மண்ணைவிட்டுச் சென்னைக்குப் போன ஒருவர் (அரவிந்த்சாமி), தங்கை முறையான பெண்ணின் கல்யாணத்துக்கு ஒரு ராத்திரி திரும்பி வருகிறார். அங்கே ‘அத்தான் அத்தான்’ என்று ஒட்டிக்கொள்ளும் ஒருவன் (கார்த்தி). அவன் யார், பெயர் என்ன என்று இவருக்கு ஞாபகமே வரவில்லை, கேட்கவும் கூச்சம். இவ்வளவுதான் கதை. ஆனால் பெயர் தெரியாத கூச்சம் என்பது எப்பேர்ப்பட்ட கூச்சம்! கல்யாண வீட்டில் தோளில் கைபோட்டு, “என்ன மாமா, என்னைத் தெரியுதா?” என்று கேட்கிறவனைப் பார்த்து வயிறு கலங்காதவர் உண்டா? இயக்குநர் பிரேம்குமார் அந்தச் சின்னச் சங்கடத்தை மூன்று மணிநேரத்துக்கு ஊதாமல், உடையாமல் கொண்டுபோகிறார். இவர்கள் ஊரைவிட்டுப் போகும்போது விட்டுப்போன பழைய சைக்கிள் தன் குடும்பத்தை எப்படித் தூக்கி நிறுத்தியது என்று கார்த்தி சொல்லும் இடம் வந்ததும் என் வீட்டம்மா டிவி சத்தத்தைக் கூட்டினார். அது அவர் அழப்போவதற்கு அடையாளம்.

படம் வந்த சில நாளில் நீளம் என்று சொல்லிச் சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். வெட்டுவதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் நானே வெட்டியிருக்கிறேன். எங்கள் தியேட்டரில் இரண்டாவது காட்சி விட்டால் பஸ் கிடையாது. முதல் காட்சி விடும்போது பொள்ளாச்சிக்குக் கடைசி பஸ் ஒன்பதே முக்காலுக்கு. படம் நீளமாக இருந்தால் கூட்டம் கிளைமாக்ஸுக்கு முன்னால் எழுந்து ஓடும். முதலாளி மேலே வந்து, “ஒரு பாட்டைத் தூக்கிடு” என்பார். பாட்டு தொடங்கும் ஃபிரேமையும் முடியும் ஃபிரேமையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கத்தரித்து, ஓரத்தை பிளேடால் சுரண்டி, பிலிம் சிமெண்ட் தடவி, பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடித்தால் ஒட்டு. வெட்டிய பாட்டைச் சுருட்டி டப்பாவில் வைத்துக்கொண்டு, பெட்டி திரும்பப் போகும்போது மறுபடி ஒட்டிவிடுவோம். ஒரு முறை அவசரத்தில் ஒரு படத்துப் பாட்டை வேறு படத்தில் ஒட்டி அனுப்பிவிட்டேன். அடுத்த ஊரில் அந்தப் பாட்டுக்கு விசில் அடித்தார்களாம்.

ஆனால் நாங்கள் பஸ்ஸுக்காக வெட்டினோம். மெய்யழகனில் வெட்டியது பேச்சை. அந்தப் படத்தில் பேச்சுதான் கதை, ராத்திரிதான் நேரம். இரண்டு பேர் பீர் வைத்துக்கொண்டு பேசினால் பேச்சு அங்குமிங்கும் மேயத்தான் செய்யும். கார்த்தி சரித்திரம் பேச ஆரம்பித்த இடங்களில் நானும் நெளிந்தேன், மறுக்கவில்லை. ஆனால் நெளிய வைப்பதும் அப்படிப்பட்ட உறவுக்காரனின் குணம்தானே? வெட்டாத பிரதி எங்காவது கிடைத்தால் அதையே பாருங்கள். பஸ் பிடிக்கிற அவசரம் உங்களுக்கு இல்லையே.

‘லப்பர் பந்து’ (2024) பற்றி எல்லாரும் சொல்லியாயிற்று. நான் சேர்த்துச் சொல்ல ஒன்றுதான்: கெத்துவின் (அட்டக்கத்தி தினேஷ்) மனைவியாக வரும் சுவாசிகா மலையாள நடிகை. தமிழில் எத்தனையோ மலையாள நடிகைகள் வந்தார்கள். பெரும்பாலும் அவர்கள் மரத்தைச் சுற்றினார்கள். இவர் வீட்டைச் சுற்றுகிறார், கல்யாண வயசில் மகள் இருக்கும்போதும் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும் புருஷனைப் பார்த்து எரிகிறார். அந்தக் கோபத்துக்கு மொழி தடையே இல்லை. ‘பொன்மனச் செல்வன்’ (1989) நான் வேலைக்குச் சேர்ந்த வருடத்துப் படம். அதில் வரும் பாட்டை இங்கே அட்டக்கத்தி தினேஷுக்குப் போட்டபோது என் கை தானாகக் கார்பன் கைப்பிடியைத் தேடியது.

‘பார்க்கிங்’, ‘உள்ளொழுக்கு’ இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தேன். 71ஆவது தேசிய விருதில் தமிழுக்குச் சிறந்த படம் அது, மலையாளத்துக்கு இது, அதில் எம்.எஸ். பாஸ்கருக்குத் துணை நடிகர் விருது, இதில் ஊர்வசிக்குத் துணை நடிகை விருது. பார்க்கிங்கில் ஒரு வீட்டு வாசலில் யார் வண்டியை நிறுத்துவது என்ற சண்டை. சின்ன விஷயம் எப்படிக் கொலைவெறியாகும் என்று படிப்படியாகக் காட்டியிருக்கிறார்கள். உள்ளொழுக்கில் குட்டநாட்டு வெள்ளம் வீட்டுக்குள் புகுந்துவிட, அடக்கம் செய்ய வழியில்லாமல் மகனின் உடலோடு காத்திருக்கும் அம்மா. படம் முழுக்கத் தண்ணீர் சத்தம். ‘வெள்ளம்’ என்றால் எங்களுக்கு வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் வேறு வேறு அர்த்தம்: தமிழில் ஊரை அழிப்பது, மலையாளத்தில் குடிப்பது. இந்தப் படத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஊர்வசியை ‘முந்தானை முடிச்சு’ (1983) தொட்டு நம்ம ஆள் என்று தமிழர்களும், நம்ம ஆள் என்று மலையாளிகளும் இழுப்பார்கள். இந்த வழக்கில் தீர்ப்பு வராமல் இருப்பதே நல்லது.

‘எம்புரான்’ (2025) பற்றிக் கேட்காதீர்கள். அதில் வரும் அணைக் காட்சிக்கு முல்லைப்பெரியாறை நம்பி வாழும் கம்பம் பக்கத்து விவசாயிகள் கொதித்தார்கள். எங்கள் ஊரில் கதை தலைகீழ். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் புழைக்கு மணக்கடவில் வருடம் 7.25 டிஎம்சி வரவேண்டும். அதை வாங்குகிற பக்கத்தில் நாங்கள் தமிழர்கள், கொடுக்கிற பக்கத்தில் என் மைத்துனர். வயல் காய்ந்தால் நான் அவரைத்தான் போனில் திட்டுவேன். அணையை வெடிகுண்டு மாதிரிக் காட்டுகிற படத்துக்கு இந்தக் குழப்பமெல்லாம் எங்கே பிடிபடப்போகிறது?

‘லோகா: சாப்டர் 1 – சந்திரா’ (2025) வேறு விஷயம். கல்யாணி பிரியதர்ஷன் சூப்பர் ஹீரோயின். ஆனால் அந்தச் சக்தி விண்கல்லிலிருந்தோ பரிசோதனைக்கூடத்திலிருந்தோ வரவில்லை, கள்ளியங்காட்டு நீலியிடமிருந்து வருகிறது. மலையாளிகளுக்கு நீலி என்றால் யட்சி. பாலைமரத்தடியில் நின்று வழிப்போக்கனிடம் சுண்ணாம்பு கேட்பாள், கொடுத்தவன் மறுநாள் நகமும் முடியுமாகக் கிடப்பான். கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதிப் பாதிரியார் வந்துதான் அவளை அடக்குவார். இதையெல்லாம் கேரளத்துப் பழங்கதை என்று இப்போது உலகமே கொண்டாடுகிறது, நல்லது. ஆனால் கள்ளியங்காடு இருப்பது நாகர்கோவில் பக்கத்தில். 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் பிரிந்து வந்தபோது நீலியும் கணக்குப்படி தமிழ்நாட்டுக்காரி ஆகிவிட்டாள்.

நமக்கும் ஒரு நீலி உண்டு. அவள் வடக்கே, ஆந்திர எல்லைப் பக்கம், திருவாலங்காட்டுக்கு அடுத்த பழையனூரில் இருக்கிறாள். முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவனைப் பழிவாங்க, பேயாக வந்து பெண்ணுருவம் எடுத்து, கள்ளிக்கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச்சபை முன்னால், “இவர் என் புருஷன், என்னைக் கைவிடுகிறார்” என்று அழுகிறாள். அந்த அழுகையை நம்பி எழுபது வேளாளர்கள் அவன் உயிருக்குப் பொறுப்பேற்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். ‘நீலிக்கண்ணீர்’ வடிக்காதே என்று நாம் திட்டுகிறோமே, அது அவளுடைய கண்ணீர்தான். சம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே அவளைத் தொட்டுப் பாடியிருக்கிறார்.

பாருங்கள், இரண்டு நீலிக்கும் நடுவில் கள்ளி இருக்கிறது. இரண்டு பேரும் ஆண்களிடம் ஏமாந்து, ஆண்களை ஏமாற்றுகிறவர்கள். லோகாவில் இயக்குநர் டொமினிக் அருண் செய்தது, நீலியின் கண்ணீரை நிஜமான கண்ணீராக்கியது. அவள் ஏன் அப்படி ஆனாள் என்று காட்டும் பழைய காலத்துப் பகுதிதான் படத்தின் உயிர். பெங்களூர்ப் பகுதி பளபளப்பாக இருக்கிறது, நஸ்லேன் சிரிக்கவைக்கிறார், வில்லனாக நம் சாண்டி மாஸ்டர் நன்றாகவே பயமுறுத்துகிறார். ஆனால் இரண்டாம் பாதியில் அடுத்தடுத்த பாகங்களுக்கு விளம்பரம் ஓட்டுகிற வேலை அதிகமாகிவிட்டது. ஒடியன் தலைகாட்டியபோது மட்டும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒடியன் எங்கள் பாலக்காட்டுச் சரக்கு. ராத்திரியில் எருமையாக மாறி வழிமறிப்பான் என்று சொல்லித்தான் பாட்டி எங்களைத் தூங்கவைத்தார். அந்தக் காலத்தில் இருட்டில் எருமை நின்றால் பெரியவர்களே வழிமாறிப் போவார்கள். துல்கர் சல்மான் மாதிரி ஒடியன் இருப்பான் என்று தெரிந்திருந்தால் பெண்கள் விளக்கெடுத்துக்கொண்டு தேடிப் போயிருப்பார்கள்.

அந்தத் துல்கர் தெலுங்கில் நடித்த ‘லக்கி பாஸ்கர்’ (2024) இந்த வரிசையில் நிம்மதியாகச் சிரித்துப் பார்த்த படம். 1980களின் கடைசியில் பம்பாயில் ஒரு வங்கிக் குமாஸ்தா, பங்குச்சந்தை மோசடிப் பணத்தில் எப்படிக் கால் நனைக்கிறான் என்பது கதை. வங்கி ரசீதை வைத்துக்கொண்டு பணம் சுற்றுகிற கணக்கை எனக்கே புரியும்படி சொல்லிவிட்டார்கள். நான் தெலுங்கிலேயே பார்த்தேன். மலையாளி ஒருவர் சொந்தக் குரலில் தெலுங்கு பேசுவதைத் தமிழன் பாலக்காட்டில் உட்கார்ந்து கேட்டேன். தமிழில் மாற்றிப் பத்து நிமிடம் பார்த்தேன், உதடு ‘ரா’ என்று போக, காதில் ‘வா’ என்று விழுந்தது. அணைத்துவிட்டுத் தெலுங்குக்கே திரும்பினேன்.

கடைசியாக, நான் மூன்றாவது முறையாகப் பார்த்த படம். ‘நண்பகல் நேரத்து மயக்கம்’. தியேட்டருக்கு வந்தது 2023 ஜனவரியில். லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கம், எஸ். ஹரீஷ் எழுத்து, தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு. வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பும் மலையாளக் கூட்டம் ஒன்று. கூட்டத்தை நடத்தும் ஜேம்ஸ் (மம்முட்டி) சிடுமூஞ்சி, தமிழ்ச் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டே வருகிறார். மத்தியானம் எல்லாரும் பஸ்ஸில் தூங்கிக் கிடக்கும்போது திடீரென்று வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, சோளக்காட்டு நடுவே நடந்து, ஒரு தமிழ்க் கிராமத்து வீட்டுக்குள் சொந்த வீடு மாதிரி நுழைந்து, லுங்கி மாற்றி, மாட்டுக்குத் தீனி போட ஆரம்பிக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் காணாமல் போன சுந்தரம் என்பவனாக அவர் ஆகிவிட்டார். தமிழ்தான் பேசுகிறார்.

முதலில் தலைப்பு. எங்கள் வீட்டில் இதற்கே ஒரு மணிநேரம் சண்டை. மலையாளத்தில் ‘மயக்கம்’ என்றால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போடும் கோழித்தூக்கம். தமிழில் தலைசுற்றி விழுவதும் மயக்கம், ஒருத்தியைப் பார்த்துக் கிறங்குவதும் மயக்கம், எது எது என்று புரியாமல் குழம்புவதும் மயக்கம். மலையாளத்தில் தூங்கிவிட்டுத் தமிழில் விழிக்கிறான் ஜேம்ஸ் என்று நான் சொன்னேன். “தூங்கினவனை எழுப்பினா சரியாப் போயிடும், இதுக்கு ஏன் ஒரு படம்?” என்றார் வீட்டம்மா. அவர் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. படத்தின் தொடக்கத்திலேயே ‘உறங்குவது போலும் சாக்காடு’ குறள் வருகிறது. லிஜோ சாவியை வாசலிலேயே வைத்துவிட்டார்.

மம்முட்டியின் தமிழைக் குறை சொன்னவர்களும் உண்டு. எனக்கு அவர் தமிழ் சரியா என்பது கேள்வியே இல்லை. ஜேம்ஸாக இருக்கும்போது அவர் தமிழை வெளியிலிருந்து கேட்கிறார். சுந்தரமாக இருக்கும்போது உள்ளேயிருந்து பேசுகிறார். குரல் கனம் குறைந்து, தோள் இறங்கி, கை வீசும் விதம்கூட மாறுகிறது. எங்கள் ஊரில் இந்த மாற்றத்தை நான் தினமும் பார்க்கிறேன். பஞ்சாயத்து ஆபீஸ் படியேறும்போது ஒரு ஆள், இறங்கி வந்து டீக்கடையில் உட்காரும்போது இன்னொரு ஆள். அவருக்கே தெரியாது.

அப்புறம் அந்தச் சத்தம். படம் முழுக்க ஒரு வீட்டு டிவியிலிருந்தோ கடை ரேடியோவிலிருந்தோ பழைய தமிழ்ப் படப் பாட்டும் வசனமும் வந்துகொண்டே இருக்கும். சுந்தரத்தின் அம்மாவுக்குக் கண் தெரியாது, ஆனாலும் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். ஒரு குடும்பம் உடைந்துகொண்டிருக்கும், பின்னால் யாரோ வீர வசனம் பேசிக்கொண்டிருப்பார்கள். கேமரா அசையாது, ஓரிடத்தில் வைத்த மாதிரி நிற்கும். நடப்பதெல்லாம் காதில் நடக்கும். பூத்தில் இருந்த பதினைந்து வருடமும் நான் இப்படித்தான் படம் பார்த்தேன். பிடிக்காதவர்கள், “ஒண்ணுமே நடக்கலையே” என்பார்கள். உண்மைதான், கொட்டாவி விடாமல் பார்க்க முடியாத இடங்கள் உண்டு. வீட்டம்மா மூன்று முறையும் சரியாக ஒரே இடத்தில் தூங்கினார். தலைப்புக்கு அவரை விட நியாயம் செய்தவர் இல்லை.

இந்த முறை அவர் தூங்கியதும், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினேன். படம் நின்றது, ஆனால் பாட்டு நிற்கவில்லை. இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்தேன். அப்புறம்தான் ஜன்னல் திறந்திருப்பதைக் கவனித்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி டிவி போட்டிருந்தார்.